ஏ9 வீதியைக் கடப்பவர் யார்? வாகனத்துக்காக அமைந்த நகரமும் நமது உள்ளூர் அரசியலும்

இரணைமடுவான் (கிளிநொச்சி)

அனைவருக்கும் வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி கடந்த நேரத்தில், கிளிநொச்சி நகருக்குள், கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதியோரத்துக் கடையொன்றில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கண்ட காட்சியே இந்த இழையைத் தொடங்கக் காரணம். எழுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர், கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி பாதசாரிக் கடவையின் ஓரத்தில் நின்றார். கடவையின் கோடுகள் நடுவில் தேய்ந்துபோய், இரு கரைகளிலும் மட்டுமே தெரிந்தன. மூன்று தடவை காலை எடுத்து வைத்தார், மூன்று தடவையும் பின்வாங்கினார். யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்த ஹயஸ் வான் ஒன்று தூரத்திலேயே முன்விளக்கை இரண்டு முறை அடித்துக் காட்டியது. நம் ஊரில் விளக்கு அடிப்பது "நீங்கள் போங்கள்" என்பதற்கன்று, "நான் நிற்கப் போவதில்லை" என்பதற்கே. அந்த அம்மாவும் அதை அறிவார்.

சற்று நேரத்தில் ஏழெட்டுக் கட்டாக்காலி மாடுகள் வீதியில் இறங்கின. இரு பக்கமும் வாகனங்கள் ஒழுங்காக நின்றன, ஏனெனில் மாட்டில் மோதினால் வானின் முன்பக்கம் நெளிந்துவிடும். கடைசி மாட்டின் வாலைத் தொட்டுவிடும் நெருக்கத்தில் நடந்து, அந்த அம்மா மறுகரையை அடைந்தார்.

நம் மாவட்டத்தில் கார் வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. நாட்டில் பதிவான வாகனங்களின் எண்ணிக்கை 80 இலட்சத்தைக் கடந்துவிட்டாலும், அவற்றில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்களே. அப்படியிருந்தும், நகரின் நடுவே செல்லும் வீதியின் அகலம், கடைகள் பின்தள்ளிக் கட்டப்பட வேண்டிய தூரம், மரம் நிற்கலாமா கூடாதா என்பது எல்லாம் இங்கே நிற்காமல் கடந்துபோகும் வாகனத்தின் வசதியை வைத்தே தீர்மானிக்கப்படுகின்றன. 2009க்குப் பின் நகரத்தை ஏறக்குறைய வெறுந்தரையிலிருந்து கட்டியெழுப்பும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. போரால் அழிந்த ஊருக்கு அது ஒன்றுதான் வாய்த்த நன்மை என்று சொல்வதற்கு எனக்கு நா எழவில்லை, இருந்தாலும் அந்த வாய்ப்பை நாம் ஒரு நெடுஞ்சாலையும் அதன் இரு கரைகளில் கடைகளுமாகச் செலவழித்துவிட்டோம். இது குறித்து மற்றவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மல்லாவி மைந்தன் (ஸ்காபரோ, கனடா)

இரணைமடு அண்ணா எழுதிய காட்சியை வாசித்தபின், நான் வாழும் நாடு இதே பாதையில் எவ்வளவு தூரம் போய்விட்டது என்பதைச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

வீதி எப்போதும் வாகனத்துக்கே உரியதாக இருந்தது என்று நினைப்பது தவறு. நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க நகரங்களில் தெரு என்பது பிள்ளைகள் விளையாடும் இடமாகவும் தள்ளுவண்டிக்காரர் வியாபாரம் செய்யும் இடமாகவும் இருந்தது. கார்கள் பெருகிப் பிள்ளைகள் அடிபட்டு இறக்கத் தொடங்கியபோது மக்களின் கோபம் சாரதிகள் மீதே திரும்பியது. 1923இல் சின்சினாட்டி நகரில் 42,000 பேர், எந்தக் காரும் மணிக்கு 25 மைலுக்கு மேல் ஓட முடியாதபடி இயந்திரத்திலேயே கட்டுப்பாட்டுக் கருவி பொருத்த வேண்டும் என்று கையெழுத்திட்டு, அதை வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார்கள். கார் வியாபாரிகள் ஒன்றுதிரண்டு பிரசாரம் செய்து அதைத் தோற்கடித்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து லொஸ் ஏஞ்சலிஸ் நகரம், நடப்பவர்கள் குறித்த இடத்தில் மட்டுமே வீதியைக் கடக்கலாம் என்ற விதியைக் கொண்டுவர, மற்ற நகரங்களும் அதைப் பின்பற்றின. வாகனத்தைக் கட்டுப்படுத்தக் கேட்ட சட்டம் தோற்று, நடப்பவரைக் கட்டுப்படுத்தும் சட்டம் வென்ற கதை அது.

ரொறன்ரோவில் இன்று நடப்பது அதன் தொடர்ச்சிதான். வாகனப் பதிவுக்காக மாநகர சபை அறவிட்ட 60 டொலர் வரி, புதிய மேயர் வந்ததும் 2011 ஜனவரியிலிருந்து நீக்கப்பட்டது. ஒன்ராறியோ மாகாண அரசு 2022 மார்ச்சில் வாகன இலக்கத்தகட்டு ஒட்டிக்கான கட்டணத்தை ரத்துச் செய்து, முன்னர் செலுத்தியவர்களுக்குக் காசோலையும் அனுப்பியது. அதே ஆண்டு ஜூனில் மாகாணத் தேர்தல். 2024 இறுதியில், ஒரு வாகனத் தடத்தை எடுத்துச் சைக்கிள் தடம் அமைப்பதானால் நகரங்கள் மாகாணத்திடம் அனுமதி பெற வேண்டும் என்று சட்டம் வந்தது. 2025 நவம்பரில் வேகத்தைப் படம் பிடிக்கும் கமராக்களையும் மாகாணம் தடைசெய்துவிட்டது. பாடசாலை வாசல்களில் அவற்றை வைத்திருந்த நகர சபைகள் வேண்டாம் என்று சொல்லியும் பயனில்லை.

இதெல்லாம் பத்திரிகைச் செய்தி. வீட்டுக் கதை வேறு. என் அம்மா மல்லாவியில் இருந்த காலத்தில் சங்கக்கடைக்கும் கோயிலுக்கும் தபாற்கந்தோருக்கும் யாருடைய தயவுமின்றி நடந்து போய்வந்தவர். இங்கே எங்கள் வீட்டிலிருந்து பால் வாங்கும் கடைக்குப் போக ஆறு தடங்கள் கொண்ட வீதியைக் கடந்து, கார்த் தரிப்பிடம் ஒன்றின் முழு நீளத்தையும் பனியில் நடக்க வேண்டும். ஆகவே என் ஓய்வுநாளுக்காகக் காத்திருக்கிறார். 1985 முதல் ஓடிய ஸ்காபரோ ரயில் பாதையும் 2023 ஜூலையில் பெட்டி தடம் புரண்டதோடு மூடப்பட்டு, அதற்குப் பதில் பேருந்து விடப்பட்டது. மல்லாவியில் கார் இல்லாத அம்மாவுக்குக் கால் இருந்தது. இங்கே வாசலில் இரண்டு கார்கள் நிற்கின்றன, அம்மாவுக்குக் கால் இல்லாமல் போய்விட்டது.

வான்காரன் (பரந்தன்)

நான் இருபது வருடங்களாக வாகனம் ஓட்டிப் பிழைப்பவன். இரணைமடு ஐயா வரைந்த சித்திரத்தில் வில்லன் நானாகவே இருக்கக்கூடும் என்பதால் பதில் எழுதுகிறேன்.

வன்னியின் தூரம் ரொறன்ரோவின் தூரம் அன்று. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு ஏறக்குறைய 50 கிலோமீற்றர், இடையில் காடு. இரவு பத்து மணிக்குப் பிள்ளைத்தாச்சிக்கு வலி எடுத்தால் நடைபாதை வந்து காப்பாற்றாது, வாகனம்தான் காப்பாற்றும். 2009க்கு முன் இடம்பெயர்ந்து ஓடிய நாட்களில் உழவு இயந்திரப் பெட்டி இருந்த குடும்பத்துக்கும் சைக்கிள் மட்டும் இருந்த குடும்பத்துக்கும் இடையே இருந்த வித்தியாசத்தை அனுபவித்தவர்கள், வாகனம் வாங்க ஆசைப்படுவதைக் குறை சொல்ல மாட்டார்கள். எனக்கு மாதம் பிறந்தால் லீசிங் கட்ட வேண்டும். ஓட்டத்துக்கு இவ்வளவு என்று பேசி எடுத்த பயணத்தில் அரை மணித்தியாலம் பிந்தினால் அடுத்த ஓட்டம் கைவிட்டுப் போகும்.

இன்னொன்று. கடவை பத்தடி தள்ளி இருக்க, கடைவாசலிலிருந்து நேரே வீதிக்குள் இறங்குபவர்கள் எத்தனை பேர்? இரவில் விளக்கில்லாத சைக்கிள், கறுத்த மாடு, வீதியில் காயவிட்ட நெல்லைச் சுற்றி அடுக்கிய கற்கள், இவற்றுக்கு நடுவே ஓட்டிப் பார்த்தவர்தான் என்னைத் திட்டலாம்.

வெண்தாமரை (ஒட்டுசுட்டான்)

வான்கார அண்ணா சொன்னது உண்மை. ஆனால் வாகனம் தேவைப்படுவதும், வாகனம் இல்லாமல் வாழவே முடியாதபடி ஊர் மாறிப்போவதும் ஒன்றல்ல என்று நினைக்கிறேன். நான் கிராமப்புறப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கிறேன். காலையில் வரும் பேருந்தைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது வரும் என்பதைச் சாரதிதான் அறிவார். மாலையில் கடைசிப் பேருந்து போனபின் பிரதான வீதியிலிருந்து உள்ளே மூன்று நான்கு கிலோமீற்றர் கிரவல் வீதியில் மாணவிகள் நடந்து போக வேண்டியிருந்தது. அதனால் பெற்றோர் மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள், பலர் லீசிங்கில். பேருந்தில் ஆட்கள் குறைந்தார்கள். ஆட்கள் குறைந்ததால் சேவையும் குறைந்தது. இப்போது மோட்டார் சைக்கிள் வாங்க வழியில்லாத வீடுகளின் பிள்ளைகள்தான் அந்தப் பேருந்துக்காக நிற்கிறார்கள்.

ஸ்கூட்டர் எனக்குத் தந்த விடுதலையை நான் மறைக்க விரும்பவில்லை. யாருடைய பின்னாலும் உட்காராமல், யாரிடமும் கேட்காமல் போய்வர முடிகிறது என்பது இங்குள்ள பெண் ஒருவருக்குச் சிறிய விடயமன்று. ஆனால் அந்த விடுதலை எரிபொருளில் கட்டப்பட்டது என்பதை 2022இன் எரிபொருள் தட்டுப்பாடு காட்டிவிட்டது. அந்த ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது. பிறகு கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். என்னுடன் கற்பிப்பவர்கள் பரணில் கிடந்த சைக்கிள்களை இறக்கி, டியூப் மாற்றி ஓடி வந்தார்கள். எங்கள் அப்பா அதைப் பார்த்துச் சிரித்தார். 1990களில் பொருளாதாரத் தடையின்போது வன்னிக்குப் பெற்றோல் வருவதே கிடையாது. சூப்பிப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்து, அதை விசிறி இயந்திரத்தை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களையும், கரியரில் இரண்டு மூட்டை நெல் கட்டி உருட்டிச் சென்ற சைக்கிள்களையும் அவர் கண்டவர். அந்தத் தலைமுறைக்கு வாகனமின்றி ஊரை நடத்தத் தெரிந்திருந்தது. அந்தக் கஷ்டத்தை நான் புகழவில்லை. இருபது ஆண்டுகளில் அந்த ஆற்றல் எங்களிடமிருந்து போய்விட்டதைத்தான் சொல்கிறேன்.

முன்னாள் வட்டாரம் (கிளிநொச்சி மாவட்டம்)

நான் 2018இல் தெரிவான பிரதேச சபையொன்றில் உறுப்பினராக இருந்தவன். கட்சியும் சபையும் இங்கே முக்கியமல்ல. சபைக்குள்ளிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் வீதி யாருடையது என்ற கேள்விக்குச் சட்டம் சொல்லும் பதிலைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏ, பி வகை வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி வகை வீதிகள் மாகாணத்தின் வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியவை. எஞ்சிய ஒழுங்கைகளும் கிரவல் வீதிகளும் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வந்த பிரதேச சபைகளின் பொறுப்பு. அதாவது, நகரின் உயிர்நாடியான ஏ9இன் கரையில் கடை நடத்துபவரிடம் வரி வாங்குவது சபை, ஆனால் அந்தக் கடைக்கு முன்னால் ஒரு வேகத்தடை போடும் அதிகாரம் சபைக்கு இல்லை. நாங்கள் செய்யக்கூடியது தீர்மானம் நிறைவேற்றிக் கடிதம் அனுப்புவது. பாடசாலை ஒன்றின் வாசலில் கடவை கேட்டு அனுப்பிய கடிதத்துக்கு, தேசிய நெடுஞ்சாலையில் போக்குவரத்தின் ஓட்டம் தடைப்படக்கூடாது என்ற பொருளில் பதில் வந்தது. "ஓட்டம்" என்ற சொல்லை அன்று நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வீதியைக் குறுக்கே கடக்கும் முந்நூறு பிள்ளைகளின் நடை அந்தச் சொல்லுக்குள் அடங்கவில்லை.

மல்லாவி மைந்தன் சொன்ன மாகாணமும் மாநகர சபையும் இங்கே வேறு பெயர்களில் இருக்கின்றன. இங்கே நிலைமை இன்னும் ஒரு படி மோசம். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தபின் தேர்தலே நடக்கவில்லை. எங்கள் உள்ளூராட்சிச் சபைகளும் 2023 மார்ச்சில் கலைந்து, 2025 மே மாதத் தேர்தல் வரை செயலாளர்களின் கையில் இருந்தன. ஆகவே இரண்டு ஆண்டுகளுக்கு மேல், ஒரு மதகு உடைந்தால்கூட வாக்குக் கேட்டு வந்தவர் என்று எவரையும் மக்கள் பிடித்துக் கேட்க முடியவில்லை.

ஆனால் முழுப் பழியையும் மேலே போட்டுவிட முடியாது. என் வட்டாரத்தில் வாக்குக் கேட்டுப் போன வீடுகளில் பெரும்பாலானோர் முதலில் கேட்டது காப்பெற் வீதியை, அதாவது வழுவழுப்பான தார் வீதியைத்தான். நடைபாதை வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை, நிழல் மரம் வேண்டும் என்று ஒருவர் கேட்டார், அவரும் ஓய்வுபெற்ற விவசாய உத்தியோகத்தர். காப்பெற் வீதிக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு, நாடா வெட்டும் படம் முகநூலில் வரும். பேருந்து ஒன்று நேரத்துக்கு வருவதைத் திறந்து வைக்க முடியாது. பழைய வீதியைத் தோண்டாமல் அதன் மேலேயே படை படையாகப் போடுவதால், வீதி உயர்ந்து வீட்டு வளவு பள்ளமாகிவிடும். மாரி மழையில் அதே வீட்டுக்காரர் வாசலில் தண்ணீர் நிற்கிறதென்று சபைக்கு முறைப்பாடு எழுதுவார். வடிகாலுக்கு ஒதுக்க வேண்டிய பணமும் அகலத்துக்கே போயிருக்கும்.

வான்காரர் சொன்ன மாடு, நெல் இரண்டும் சபைக்கு வந்த விடயங்களே. கட்டாக்காலி மாடுகளைப் பிடித்துத் தண்டம் அறவிடுங்கள் என்று வாகனக்காரர் கேட்பார்கள், பிடித்தால் மேய்ச்சல் தரை எங்கே என்று பண்ணையாளர் கேட்பார்கள். அறுவடைக் காலத்தில் காப்பெற் வீதியின் ஒரு பக்கத்தில் நெல் காயும். அது ஆபத்தானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் உலர்தளம் கட்ட நிதி கேட்ட பிரேரணையும், நெல் காயவிடுவோர் மீது நடவடிக்கை கேட்ட பிரேரணையும் ஒரே அமர்வில் வந்தபோது, இரண்டாவதே விவாதமின்றி நிறைவேறியது. நானும் கை உயர்த்தினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வவுனியன்

சட்டம் இல்லாமலில்லை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதன்கீழ் வந்த ஒழுங்குவிதிகளும் நகரப் பகுதிக்குள் கார், வான், மோட்டார் சைக்கிளுக்கு 50 கிலோமீற்றர், வெளியே 70, முச்சக்கர வண்டிக்கு எங்கும் 40 என்று வரையறுக்கின்றன. சிக்கல் வீதியின் வடிவத்தில் இருக்கிறது. நேராக, அகலமாக, மரமின்றிப் போட்ட வீதி சாரதியிடம் "ஓடு" என்று சொல்லும்போது, ஓரத்துப் பலகையில் எழுதிய 50 எடுபடாது. மணிக்கு 70இல் போகும் வாகனம், சாரதி ஆளைக் கண்டு காலைத் தூக்கி பிரேக்கில் வைக்கும் ஒரு விநாடிக்குள் 19 மீற்றர் போய்விடும். 50இல் என்றால் 14. அதன்பின் நிற்பதற்கு எடுக்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், 70க்கும் 50க்கும் இடையே அது ஏறக்குறைய இரு மடங்கு. பொலிஸார் மறைந்து நின்று பிடிப்பதால் இந்தக் கணக்கு மாறுவதில்லை. எதிரே வருபவர் விளக்கு அடித்து எச்சரிப்பார், இருநூறு மீற்றர் தாண்டியதும் பழைய வேகம் திரும்பும்.

புகையிரதக் கடவைகளிலும் இதே மனப்போக்கைக் காணலாம். 2013இல் கிளிநொச்சிக்கும் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் ரயில் திரும்பி வந்தது. வீதிக்குச் செலவழித்த கைகள், கடவையில் தடியைப் பிடித்து நிற்கும் காவலாளிக்கு நாளொன்றுக்கு 250 ரூபா என்று பல ஆண்டுகள் கொடுத்துவந்தன.

வான்காரன் (பரந்தன்)

வவுனியனின் கணக்கை மறுக்க மாட்டேன். ஸ்டியரிங்கில் இருப்பவனுக்கு அது கணக்காகத் தெரியாது, காலில் தெரியும். ஒரு விடயம் எழுத வேண்டும். ஏ9இல் ஏறக்குறைய எல்லாச் சாரதிகளும் பொலிஸ் இல்லாமல், பலகை இல்லாமல், தாங்களாகவே வேகத்தைக் குறைத்து நிறுத்தும் இடம் ஒன்று உண்டு. முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடி. தேங்காய் உடைத்து, உண்டியலில் காசு போட்டு, கச்சான் பை வாங்கிக்கொண்டு புறப்படுவோம். அந்த இடத்தில் வீதியைக் கடக்கப் பயந்து நிற்கும் ஒருவரை நான் கண்டதில்லை. நாங்கள் நிற்க மாட்டாதவர்கள் அல்ல. நிற்பதற்கு ஒரு காரணம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

நகருக்குள் 50இல் போ என்று எல்லாருக்கும் ஒரேயடியாகக் கட்டாயம் வந்தால் எனக்கு நட்டமில்லை. நான் மட்டும் மெதுவாகப் போய், பின்னால் வருபவன் முந்திப் போவதில்தான் நட்டம்.

மல்லாவி மைந்தன் (ஸ்காபரோ, கனடா)

வான்கார அண்ணா சொன்னதை நெதர்லாந்துக்காரர்கள் வேறு வழியில் கண்டுபிடித்தார்கள். இன்று சைக்கிள் நாடு என்று பெயரெடுத்த அந்த நாடும் 1950, 60களில் கால்வாய்களை மூடி வீதி போட்ட நாடுதான். 1971ஆம் ஆண்டில் மட்டும் 3,300 பேரளவில் வீதி விபத்துகளில் இறந்தார்கள், அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் சிறுவர்கள். மகளை இழந்த பத்திரிகையாளர் ஒருவர் எழுதிய கட்டுரையின் தலைப்பையே பெயராகக் கொண்டு, "குழந்தைக் கொலையை நிறுத்து" என்ற இயக்கம் தொடங்கியது. பெற்றோரும் பிள்ளைகளும் வீதியை மறித்து நடுவில் மேசை போட்டுச் சாப்பிட்டார்கள். 1973இன் எண்ணெய் நெருக்கடி அவர்களுக்குக் கைகொடுத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை வந்தபோது, வெறும் நெடுஞ்சாலையில் மக்கள் நடந்து பார்த்தார்கள். எங்களுக்கும் 2022இல் அப்படியொரு சில மாதங்கள் கிடைத்தன. நாங்கள் அந்த மாதங்களை எரிபொருள் வரிசையில் நின்று கழித்தோம்.

வெண்தாமரை (ஒட்டுசுட்டான்)

தம்பி, வரிசையில் நின்றது பொழுதுபோக்காக அல்ல. வயலுக்குத் தண்ணீர் இறைக்கவும் அறுவடை இயந்திரத்துக்கும் எண்ணெய் வேண்டியிருந்தது. மேசை போட்டுச் சாப்பிடுவதற்கு முதலில் மேசையில் சோறு இருக்க வேண்டும்.

மல்லாவி மைந்தன் (ஸ்காபரோ, கனடா)

ஏற்றுக்கொள்கிறேன் அக்கா. தூரத்திலிருந்து எழுதும்போது வரும் பிழை அது.

முன்னாள் வட்டாரம் (கிளிநொச்சி மாவட்டம்)

வெளிநாட்டுக் கதைகள் பயனுள்ளவை, ஆனால் நாம் எங்கே தொடங்கலாம் என்பதையும் பேச வேண்டும். ஏ9 நமது கையில் இல்லை. ஆனால் பாடசாலைகள், சந்தை, கோவில், தேவாலயம், மருத்துவமனை ஆகியவற்றுக்குச் செல்லும் ஒழுங்கைகள் சபையின் கையில் இருக்கின்றன. அவற்றைக் காப்பெற் இடும்போதே சந்திகளை ஒடுக்கி, கடக்கும் இடத்தை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தி, ஒரு பக்கமாவது மரம் நடுவதற்கு எந்த அமைச்சின் அனுமதியும் தேவையில்லை. 2025 பெப்ரவரியிலிருந்து தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறந்துவிட்டதால், இந்த வேலையைச் செய்யக் கிடைத்திருக்கும் காலமும் நீண்டதன்று. வீட்டுக்கு ஒரு கார் வந்தபின் சந்தியை ஒடுக்கப் போனால், ரொறன்ரோவில் நடந்ததே இங்கும் நடக்கும்.

இரணைமடுவான் (கிளிநொச்சி)

இழையைத் தொடங்கியவன் என்ற முறையில் ஒரு தகவல். வான்காரத் தம்பி நேற்று என்னோடு தொடர்புகொண்டு, நான் எழுதிய கடவை எது என்று கேட்டார். இன்று காலை இருவரும் அந்தத் தேநீர்க் கடையில் சந்தித்தோம். அவர் கடவையைப் பார்த்தவுடன் சொன்னது, நான் அத்தனை நாள் அங்கே உட்கார்ந்தும் கவனிக்காத ஒன்று. கடவைக்குச் சற்று முன்பாக வங்கி வாசலில் வரிசையாக நிறுத்தப்படும் மோட்டார் சைக்கிள்களும் பட்டா எனப்படும் சிறிய லொறி ஒன்றும் கடக்க நிற்பவரை மறைத்துவிடுகின்றன. ஆள் வீதிக்குள் இரண்டடி இறங்கிய பின்னரே சாரதிக்குத் தெரிகிறார். "எனக்கு அந்த அம்மா தெரிந்திருக்க மாட்டா, ஐயா, லொறியின் பின்பக்கம்தான் தெரிந்திருக்கும்" என்றார்.

அந்த இடத்தில் வாகனம் நிறுத்துவதைத் தடைசெய்யவும், தேய்ந்த கோடுகளை மாரி மழைக்கு முன் மீண்டும் பூசவும் கேட்டு, பொலிஸாருக்கும் வீதிக்குப் பொறுப்பானவர்களுக்கும் தனித்தனியே இரண்டு கடிதங்கள் எழுதியிருக்கிறோம். கையெழுத்து வைத்தவர்களில் தேநீர்க் கடைக்காரர் இருக்கிறார், மூன்று ஆட்டோக்காரர்கள் இருக்கிறார்கள். வங்கி வாசலில் மோட்டார் சைக்கிள் நிறுத்துபவர்கள் இருவர் வாசித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். முன்னாள் உறுப்பினர் ஐயா, சபையின் பிரதி யாருடைய பெயருக்கு எழுத வேண்டும் என்பதை இங்கேயே தெரிவித்தால் நாளையே தபாலில் சேர்க்கலாம்.